கட்டாக்காலி

கேள்வி: செயற்கை நுண்ணறிவு உலகமெங்கும் கட்டா காலியாகத் திரிகிறதே! ஐரோப்பா ஒரு மாதிரி, அமெரிக்கா ஒரு மாதிரி, சீனா ஒரு மாதிரிச் சட்டம் போடுகின்றன. யார் செய்வது சரி?
– வாசகர் ஒருவர், விசுவமடு

பதில்: முதலில் எழுத்துப்பிழை. கட்டாமல் அலைகிற மாட்டைச் சொல்லும் கட்டாக்காலி ஒரே சொல், நடுவில் 'க்' உண்டு. காலி என்றால் பழந்தமிழில் மாட்டுக்கூட்டம். நீங்கள் பிரித்துப் போட்டதில் ஆளில்லாத வீடு மாதிரி இருக்கிறது. ஆனாலும் பொருத்தமான சொல். ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டி இரவில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவருக்கு இந்த விஷயத்தில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தைவிட விளக்கம் கூட.

ஐரோப்பா மாட்டைத் தரம் பிரித்து வேலி அடைக்கிறது. அதன் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஓகஸ்ட் 1 இல் வந்தது. ஆட்களின் நடத்தைக்குப் புள்ளி போட்டு ஒதுக்குவது போன்றவை 2025 பெப்ரவரி 2 முதல் அடியோடு தடை. மீறினால் 35 மில்லியன் யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்பனையில் 7 சதவீதம், எது கூடவோ அதுவரை தண்டம். கடன் கொடுக்கலாமா, வேலைக்கு எடுக்கலாமா என்று சொல்லும் மாடு உள்ளே நிற்கலாம். ஆனால் பதிவேடு வேண்டும், மேற்பார்க்க ஒரு மனிதர் வேண்டும். இந்தப் பகுதி 2026 ஓகஸ்டில் தொடங்குவதாக இருந்தது. தொழில்நுட்பத் தராதரங்கள் எழுதி முடியவில்லை என்று 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழுவே பின்போடக் கேட்டது. வேலிக்கு நாள் குறித்தவரே கதியால் வந்து சேரவில்லை என்கிறார்.

சீனா குறிசுடுகிறது. 2025 செப்டெம்பர் 1 முதல் இயந்திரம் செய்த படத்தில் கண்ணுக்குத் தெரிய ஒரு குறி, கோப்பின் உள்விபரத்தில் இன்னொரு குறி. ஓரத்தை வெட்டினால் முதலாவது போகும். ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் புதுக்கோப்பு பிறந்துவிடும், இரண்டாவதும் போகும். குறிக்கு மேல் குறிசுட்டு மாட்டை மாற்றுகிற வித்தை வன்னிக்குப் புதிதா? உதாரணம் கேட்காதீர்கள், வழக்கு வரும்.

அமெரிக்காவில் பைடன் 2023 ஒக்டோபர் 30 இல் நிறைவேற்றுக் கட்டளையாகக் கட்டிய கயிற்றை ட்ரம்ப் 2025 ஜனவரி 20 இல், பதவியேற்ற அன்றே, அவிழ்த்துவிட்டார். இப்போது கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் தங்கள் தங்கள் காணிக்கு வேலி போடுகின்றன.

எனக்குச் சிரிப்பு மூட்டுவது அளவுகோல்தான். பழக்கும்போது ஒன்றுக்குப் பின்னால் 25 பூச்சியம் போட்ட எண்ணிக்கைக்கு மேல் கணக்குச் செய்த செயற்கை நுண்ணறிவு மொடல் என்றால், அது பெரும் ஆபத்துள்ளது என்று ஐரோப்பா எடுத்துக்கொள்ளும். பைடனின் கட்டளையில் 26 பூச்சியம். கொம்பை அளந்து, எத்தனை பரப்பு நெல்லை மேயும் என்று சொல்வது போல. பெரிய மொடலின் பதில்களைக் கொண்டு சின்னதொன்றைப் பழக்கினால் கணக்கு 25 பூச்சியத்துக்கு எட்டாது, வேலை மட்டும் கிட்டத்தட்ட அதே வேலை. கொம்பு முளைக்காத நாம்பன் கடப்புக்குள்ளால் புகுந்து முழு வயலையும் முடித்த கதை.

இனி மேய்ச்சல்தரை. (மறுபடியுமா என்று பக்கம் வடிவமைக்கிறவர் பெருமூச்சு விடுகிறார். விடட்டும்.) காலபோக விதைப்புக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் திகதி குறித்து, அதற்குப் பிறகு வயலில் நிற்கும் மாட்டைப் பிரதேச சபை பிடிக்கும், தண்டம் கட்டி மீட்கலாம் என்கிறார்கள். சரி, அதுவரை எங்கே மேய்ப்பது? மேய்ச்சல்தரை ஒதுக்காமல் 'மாட்டைக் கட்டு' என்பது சட்டம் அல்ல, வசை. இந்த இயந்திரங்களும் மேய்ந்துதான் வளர்ந்தன, நானும் நீங்களும் எழுதிய தமிழையும் சேர்த்து. ஜப்பான் 2018 இலேயே பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, தரவாக ஆராய்வதற்கு மேயலாம் என்று பெரும்பாலும் திறந்துவிட்டது. ஐரோப்பா, எங்கெங்கே மேய்ந்தாய் என்று ஒரு சுருக்கம் எழுதி வெளியிடு என்கிறது. யார் சரி என்ற உங்கள் கேள்விக்கு, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஐரோப்பாவின் பக்கம்.

நம் நாட்டிலும் 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்கள் லீசிங் விண்ணப்பத்தைக் கணினி தானாகத் தள்ளிவிட்டால், அந்த முடிவை மீளப் பாருங்கள் என்று எழுத்தில் கேட்க அதில் இடமுண்டு. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 இல் தொடங்கவிருந்தன. தள்ளிப்போட்டார்கள். மாடு வயலுக்குள் நிற்கிறது, கூட்டத் திகதி பின்னர் அறிவிக்கப்படும்.