டெக்சாஸ் குளிரும் தோட்டத்து ஸ்பிரிங்க்ளரும்: கேள்வி பதில்

டாலஸ் பக்கம் வீடு வாங்கிய நம்மவர்கள் நவம்பர் பிறந்தாலே, தோட்டத்து ஸ்பிரிங்க்ளர் குழாய் குளிரில் உறைந்து வெடிக்காமல் காப்பது எப்படி என்று ஆளுக்கொரு கேள்வியோடு வருகிறார்கள். நான் பிளம்பர் இல்லை. என் வீட்டு ஸ்பிரிங்க்ளரை உடைத்தும் ஒட்டியும் கற்றுக்கொண்டவன். அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

பிளானோவிலிருந்து: அண்ணா, கம்ப்ரசர் வைத்துக் காற்றடித்து எல்லாக் குழாயையும் காலி செய்துதர ஒரு ஆள் காசு கேட்கிறார். செய்துவிடலாமா?

அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. காற்றடிப்பது மினசோட்டா, மிச்சிகன் போன்ற ஊர்களுக்கு. அங்கே மண் மூன்று நாலு அடி ஆழத்துக்கு உறைந்து இறுகிவிடும். நமக்குக் குழாய் ஆறு அங்குல மண்ணுக்கு அடியில் கிடந்தாலே பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இரவில் உறைவது மறுநாள் வெயிலில் இளகிவிடுகிறது. இந்த ஊரில் சாகிறது மண்ணுக்கு மேலே தலைநீட்டி நிற்கும் சாமான்தான்.

ஆஸ்டினிலிருந்து: சுவரோரம் கவிழ்த்துப் போட்ட 'ப' மாதிரி ஒரு பித்தளைக் குழாய் நிற்கிறதே, அதைத்தான் சொல்கிறீர்களா? என்ன செய்ய வேண்டும்?

அதேதான். பெயர் பேக்ஃப்ளோ. தோட்டத்து அழுக்குத் தண்ணீர் திரும்பிப்போய்க் குடிதண்ணீரில் கலக்காமல் தடுப்பது அதன் வேலை. இந்த வகை உயரத்தில் நின்றால்தான் அந்த வேலையைச் செய்யும், அதனால் குளிருக்கும் அதுவே முதலில் மாட்டுகிறது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், பித்தளை விரியாது.

என் வீட்டிலும் இதே வகைதான். 2021 பிப்ரவரியில் அதன்மேல் ஒரு பழைய துண்டைச் சுற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். 16ஆம் தேதி டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 2 ஃபாரன்ஹீட். கரண்டும் போய்விட்டது. அப்போது ஒன்றும் தெரியவில்லை. பனி இளகிய அன்று காலை, பேக்ஃப்ளோவின் உச்சியில் உள்ள தொப்பிக்கு அடியிலிருந்து தண்ணீர் குடை மாதிரி விரிந்து அடித்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் மூடி இரண்டாகப் பிளந்து கிடந்தது. நல்லவேளையாக அதை மட்டும் மாற்ற முடிந்தது. பித்தளை உடம்பே வெடித்திருந்தால் முழுசாகப் புதிது போட்டிருக்க வேண்டும்.

இப்போது செய்வது இதுதான். மீட்டருக்கும் பேக்ஃப்ளோவுக்கும் நடுவில் புல்லுக்குள் பச்சை மூடி போட்ட பெட்டி இருக்கும். அதிலுள்ள வால்வை முழுசாக மூடுங்கள். பேக்ஃப்ளோவிலேயே உள்ள கைப்பிடியை மட்டும் மூடினால், அதற்குக் கீழே நிற்கிற குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு அப்படியே இருக்கும். பலரும் தவறுவது இங்கேதான். அடுத்து, பேக்ஃப்ளோவின் பக்கவாட்டில் சுண்டுவிரல் பருமனில் இரண்டு சோதனைக் குழாய்கள் (டெஸ்ட் காக், சின்னத் திருகு வால்வுகள்) இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்று திருப்பினால் தண்ணீர் வழிந்து நின்றுவிடும். அவற்றைத் திறந்தபடியே விடுங்கள். கடைசியாக, பேக்ஃப்ளோவின் இரண்டு கைப்பிடிகளையும் பாதியில், சாய்வாக நிறுத்துங்கள். முழுசாக மூடினால் கைப்பிடி வால்வுக்குள் இருக்கும் உருண்டைக்குள் தண்ணீர் சிறைப்பட்டு, அதுவே வால்வைப் பிளக்கும்.

நிற்கிற குழாயில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சத்தான் செய்யும். மேலே காலி இடம் இருப்பதால் விரிய வழி உண்டு. அதற்கு ஃபோம் உறை மாட்டி, முழுவதற்கும் மேலே ஒரு உறைப் பையைக் கவிழ்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஃப்ரிஸ்கோவிலிருந்து: என் கண்ட்ரோலர் வைஃபையில் வானிலை பார்த்து, குளிர் வந்தால் தானே நிறுத்திக்கொள்ளும். போதாதா சார்?

போதாது. அது நிறுத்துவது தண்ணீர் பாய்ச்சுவதை. நடைபாதையில் பனிக்கட்டி படிந்து பக்கத்து வீட்டுத் தாத்தா வழுக்கி விழாமல் இருக்க அது உதவும். குழாய்க்குள் நிற்கிற தண்ணீரை அது தொடுவதே இல்லை.

ரிச்சர்ட்சனிலிருந்து: எங்கள் வீட்டில் அப்படி எதுவும் வெளியே தெரியவில்லையே?

உங்களுடையது மண்ணுக்குள் பெட்டியில் புதைத்த வகை. டாலஸ் பக்கம் நிறைய உண்டு. சாதாரணக் குளிருக்கு மூடி சரியாகப் பொருந்தியிருந்தால் போதும். சில நாள் தொடர்ந்து உறையும் என்று சொன்னால் மட்டும், மீட்டர் பக்கத்து வால்வை மூடி, சோதனைக் குழாய்களைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, பெட்டிக்குள் பழைய துணி திணித்து மூடுங்கள்.

மெக்கின்னியிலிருந்து: அப்படியானால் நவம்பரில் மூடிவிட்டு மார்ச்சில் திறந்தால் ஆயிற்று, இல்லையா அண்ணா?

அங்கேதான் நம் ஊர் வித்தியாசப்படுகிறது அம்மா. பெர்முடா புல் பழுப்பானாலும் வேர் உயிரோடுதான் இருக்கிறது. மூன்று நாலு வாரம் மழையே இல்லாவிட்டால் ஒரு தடவை நனைக்க வேண்டும். இன்னொன்று, டாலஸ் மண் நம் கோவில்பட்டிக் கரிசல் மாதிரி: ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வெடித்தால் வீட்டு அஸ்திவாரம் அசையும். அதனால் நான் குளிர்காலம் முழுக்க மூடிவைப்பதில்லை. 28 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே நாலைந்து மணிநேரம் போகும் என்றால் அன்று சாயங்காலம் காலி செய்வேன், குளிர் கலைந்ததும் திறப்பேன். ஒரு சீசனில் நாலைந்து முறை வரும். ஊருக்கு, இந்தியாவுக்குப் போகிறீர்கள் என்றால் மட்டும் காலி செய்துவிட்டே கிளம்புங்கள்.

இர்விங்கிலிருந்து: வெளிக்குழாய்க்கு ஃபோம் மூடி மாட்டிவிட்டேன். ஓஸையும் கழற்ற வேண்டுமா?

அவசியம். ஓஸ் மாட்டியிருந்தால் தண்ணீர் வடியாமல் சுவருக்குள் இருக்கும் குழாய்த்தண்டிலேயே நிற்கும். குளிர் தாங்கும் குழாய் என்று விற்றதும் இப்படித்தான் உடைகிறது.

மறுபடி ஆஸ்டினிலிருந்து: திரும்பத் திறக்கும்போது மேலே தொப்பியிலிருந்து தண்ணீர் பீய்ச்சியது. பயந்து மூடிவிட்டேன்.

முதலில் சோதனைக் குழாய்களை மூடினீர்களா? மூடிவிட்டு, இரண்டு கைப்பிடியையும் சரியாக்கி, பெட்டி வால்வை மெதுவாகத் திறவுங்கள். ஒரு விநாடி துப்பிவிட்டு நின்றால் பழுதில்லை, உள்ளே இருக்கும் அடைப்பான் மேலேறி அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். நிற்காமல் அடித்தால் என் வீட்டுக் கதைதான். உள்மூடிக்கான செட்டை வாங்குமுன் பித்தளையில் பொறித்திருக்கும் மாடல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்; நான் எடுக்காமல் போய், கடைக்கு மூன்று தடவை அலைந்தேன்.