கிளிஃபோர்ட் பிரவுனின் நாள்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆறு மாதங்களாக ஜாஸ் கேட்டுவருகிறேன். அதில் ட்ரம்பெட்தான் என்னை அதிகம் இழுக்கிறது. ஃபேட்ஸ் நவாரோ, செட் பேக்கர், கிளிஃபோர்ட் பிரவுன், சாக்ஸஃபோன் கலைஞரான சார்லி பார்க்கர் என்று ஒவ்வொருவரின் வாழ்க்கையையும் தேடிப் படித்தேன். எல்லோருமே தங்களை எரித்துத்தான் இசையைத் தந்திருக்கிறார்கள். எனக்கு வயது 23. சிறுகதைகள் எழுதுகிறேன். அன்பான பெற்றோர், நல்ல வேலை, பெரிய துயரம் ஏதுமில்லை. இப்படிப்பட்ட ஒருவனால் உண்மையாக எதையாவது எழுதிவிட முடியுமா என்று சில இரவுகளில் பயமாக இருக்கிறது. ஜாஸ் ட்ரம்பெட்டை எந்தப் பதிவிலிருந்து முறையாகக் கேட்கத் தொடங்கலாம்? அதற்கு இசையிலக்கணம் தெரிய வேண்டுமா? நம் ராகங்களோடு ஒப்பிட்டுக் கேட்கலாமா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பி,

இசையிலக்கணம் தெரிய வேண்டியதில்லை. ராகங்களோடு ஒப்பிடுவதை ஓராண்டு தள்ளிவையுங்கள். எங்கிருந்து தொடங்குவது என்பதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் பட்டியலில் கிளிஃபோர்ட் பிரவுனின் பெயரைக் கண்டதும் எனக்குக் கோபம் வந்தது. அதை முதலில் பேசிவிட வேண்டும். சென்ற வாரம் முழுவதும் நான் அவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கும்போதெல்லாம், பல ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன என் நண்பன் ஒருவனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளிஃபோர்ட் பிரவுன் தன்னை எரித்துக்கொள்ளவில்லை. 1956 ஜூன் 26 அன்று, பென்சில்வேனியாவின் சுங்க நெடுஞ்சாலையில், மழையில், அவர் பயணம் செய்த கார் சாலையை விட்டு விலகி விபத்துக்குள்ளாகி இறந்தார். காரை அவர் ஓட்டவில்லை. அவருடைய குழுவின் பியானோ கலைஞர் ரிச்சி பவலின் மனைவி ஓட்டினார். மூவருமே பிழைக்கவில்லை. சிகாகோவில் அடுத்த நிகழ்ச்சிக்காகப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்று பிரவுனுக்கு இரண்டாவது திருமண நாள். அவருக்கு வயது 25. இருட்டும் ஈரச்சாலையும் கொன்ற ஒருவரை ஹெராயின் என்ற போதைப்பொருள் கொன்றவர்களின் வரிசையில் நிறுத்தியிருக்கிறீர்கள். அவருடைய வாழ்க்கையைப் படித்ததாக வேறு எழுதுகிறீர்கள். வயதைப் படித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அவர் 1930இல் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் பிறந்தவர். பதின்வயதில் தந்தை வாங்கிக் கொடுத்த ட்ரம்பெட்டோடு உள்ளூர் ஆசிரியரான பாய்ஸி லோரியிடம் கற்றார். கல்லூரியில் கணிதம் படிக்கச் சேர்ந்தார், சதுரங்கத்தில் விருப்பமுள்ளவர். 1950 ஜூனில் வேறொரு கார் விபத்தில் சிக்கி, ஏறக்குறைய ஓராண்டு மருத்துவமனையில் கிடந்தார். அவர் தன் ஆதர்சமாகக் கொண்டிருந்த ஃபேட்ஸ் நவாரோ, அதே கோடையில், ஜூலை மாதம், ஹெராயினும் காசநோயும் தின்ற உடம்போடு 26 வயதில் இறந்தார். எலும்பு முறிந்து படுத்திருந்த அந்த இளைஞனைப் புகழ்பெற்ற ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி நேரில் வந்து பார்த்து, இசையை விட்டுவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். பிரவுன் விடவில்லை. 1952இல் ஒரு ரிதம் அண்ட் புளூஸ் குழுவோடு முதல் பதிவு, 1953இல் லயனல் ஹாம்ப்டனின் பெரிய குழுவோடு ஐரோப்பியப் பயணம், 1954இல் டிரம்ஸ் கலைஞர் மாக்ஸ் ரோச்சுடன் சேர்ந்து ஐவர் குழு. நாம் இன்று கேட்பவை எல்லாம் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

ட்ரம்பெட்டில் விரலால் அழுத்துவதற்கு இருப்பவை மூன்றே மூன்று வால்வுகள். ஒரே விரல்வைப்பில் பல சுரங்கள் பிறக்கும். அவற்றில் எது வெளிவர வேண்டும் என்பதை உதட்டின் இறுக்கமும் மூச்சின் வேகமும் தீர்மானிக்கின்றன. வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸுக்குள் அதிர்வது உதட்டுச் சதை. அந்தச் சதை சில நாள்கள் பழகாமல் விட்டாலே தளர்ந்துபோகும். பிரவுனைக் கேளுங்கள்: எவ்வளவு விரைவாக ஓடினாலும் ஒவ்வொரு சுரத்தையும் நாக்கு தொட்டுத் தொடங்கிவைக்கிறது, ஒவ்வொன்றும் உருண்டு நிறைந்து, அடுத்ததற்கு இடம் விட்டு முடிகிறது. ஒரு சுரம்கூட மற்றொன்றின் மேல் விழுவதில்லை. இது வேதனையிலிருந்து வருவதன்று; நேற்றும் அதற்கு முந்தைய நாளும் அவர் பயின்றார் என்பதிலிருந்து வருவது. செட் பேக்கரைப் புகைப்படங்களில் கண்டு நீங்கள் உருகியிருப்பீர்கள். அவர் 1966இல் அடிபட்டுப் பற்களை இழந்து, பொய்ப்பல் கட்டிக்கொண்டு, வாயில் ட்ரம்பெட் நிற்கும் விதத்தையே முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப்பாருங்கள். ஹெராயின் அவருக்கு இசையைக் கொடுக்கவில்லை. அவர் ஊதக்கூடிய ஆண்டுகளை எடுத்துக்கொண்டது.

பார்க்கரின் தலைமுறை இதை அறியாமல் இல்லை. போதையில் நன்றாக வாசிக்கிறேன் என்று சொல்பவன் பொய் சொல்கிறான் என்று பார்க்கரே வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் அவரைப் போல வாசிக்க விரும்பிய இளைஞர்கள் அவர் சொன்னதைக் கேட்காமல் அவர் செய்ததைச் செய்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஹார்லமில், நியூயார்க்கின் கறுப்பினக் குடியிருப்பில், ஹெராயின் மலிவாகக் கிடைத்தது. வழக்கில் சிக்கிய கறுப்பினக் கலைஞருக்கு நியூயார்க்கின் இரவு விடுதிகளில் வாசிக்கும் உரிமச் சீட்டையே காவல்துறை பறித்துக்கொள்ளும். 1955இல் 34 வயதில் இறந்த பார்க்கரின் உடலைப் பார்த்தவர்கள் அவருக்கு ஐம்பதுக்கு மேல் வயதிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். ஒரு சமூகம் சிலருக்குச் செய்த கொடுமைக்குக் கலையின் தீ என்று பெயர் வைப்பது, கொடுமை செய்தவர்களுக்கு நாம் செய்யும் உதவி.

இன்னொருவரைப் பாருங்கள். சாக்ஸஃபோன் கலைஞர் சோனி ராலின்ஸ் 1955இல் ஹெராயினிலிருந்து மீள்வதற்காகத் தானாகவே கென்டக்கியின் லெக்சிங்டனிலுள்ள மருத்துவமனையில் சேர்ந்தார். வெளியே வந்து, அந்த ஆண்டின் இறுதியில் பிரவுன்-ரோச் குழுவில் இணைந்தார். தூய்மையாக வாழ்ந்துகொண்டே நல்ல ஜாஸ் கலைஞராக இருக்க முடியும் என்று தனக்குக் காட்டியவர் பிரவுன்தான் என்று பிற்காலத்தில் சொன்னார். பக்கத்தில் நின்று ஊதிக்கொண்டிருந்த ஓர் இளைஞனின் நடத்தையே அவருக்குப் போதுமானதாக இருந்தது. ராலின்ஸ் அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் வாசித்தார்.

என் நண்பனுக்கு அப்படி ஒருவர் அருகில் இல்லை. நாங்கள்தான் இருந்தோம். அவன் கவிஞன், எங்களில் எல்லோரையும்விடத் திறமையானவன். அவன் குடித்துவிட்டு வந்து கவிதை சொல்லும்போது நாங்கள் கண்கலங்கிக் கேட்டோம். நிதானமாக இருந்த பகலில் எழுதியதைக் காட்டும்போது அவ்வளவு கவனமாகப் படிக்கவில்லை. அவனுடைய நோட்டுப் புத்தகம் ஒன்று இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. முதல் பக்கங்களில் எழுத்துகள் கோட்டின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. போகப் போக சுழிகள் கோட்டுக்குக் கீழே வழிகின்றன, ஒரே கவிதையின் முதல் நான்கு வரிகள் ஆறு முறை எழுதப்பட்டு ஆறு முறையும் ஐந்தாம் வரியில் நின்றுவிடுகின்றன. கடைசிப் பதினான்கு தாள்கள் வெறுமையாக இருக்கின்றன. அவன் இரங்கல் கூட்டத்தில், கவிதைக்காகத் தன்னையே தீயாக்கிக்கொண்டவன் என்று ஒருவர் பேசினார், கைதட்டினார்கள். பேசியவன் நான். முன்வரிசையில் அவனுடைய அம்மா முந்தானையால் வாயை மூடியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் கடிதத்தில் இருந்த சொற்கள் ஏறத்தாழ நான் அன்று சொன்னவை. அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

பிரவுனின் சாவையும் இப்படித்தான் கையாண்டார்கள். பிலடெல்ஃபியாவில் ஓர் இசைக்கருவிக் கடையில் அவர் வாசித்த பதிவொன்று, இறப்பதற்கு முந்தைய இரவில் எடுக்கப்பட்டதாக நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கையோடு கேட்டவர்களுக்கு ஒவ்வொரு சுரத்திலும் விடைபெறுதல் கேட்டது. பிறகு ஆராய்ந்தவர்கள் அது 1955 மே மாதத்துப் பதிவு என்று காட்டினார்கள். இன்னும் ஓராண்டுக்கு மேல் வாழ்நாள் கையிலிருந்த ஒருவர், கூட்டம் நிறைந்த கடையில், மகிழ்ச்சியாக ஊதியிருக்கிறார். நானும் அதில் சாவைக் கேட்டவன்தான். இப்போது கேட்டால் கடைக்குள் இருந்தவர்களின் ஆரவாரம் கேட்கிறது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். தன் மனைவி லாரூவை மனத்தில் வைத்து அவர் இயற்றிய ‘ஜாய் ஸ்பிரிங்’கிலிருந்து தொடங்குங்கள். 1954 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் திருமணம். ஜூலையில் ஒரு முறையும், ஆகஸ்டில் ரோச்சின் ஐவர் குழுவோடு இன்னொரு முறையும் அதைப் பதிவுசெய்தார். ஆகஸ்ட் பதிவைக் கேளுங்கள். மெட்டு ஒரு முறை முடிந்து, இரண்டாம் முறை அரைச்சுரம் மேலேறித் தொடங்கும். அந்த ஏற்றத்துக்காகக் காத்திருங்கள். 23 வயதான, புதிதாக மணமான, நன்றாகத் தூங்கி எழுந்து பயிற்சி செய்த ஒருவர் அதை ஊதுகிறார்.

அடுத்த கடிதத்தோடு உங்கள் கதை ஒன்றையும் அனுப்புங்கள். பகலில் எழுதியதாக இருக்கட்டும். உங்கள் பெற்றோருக்கு என் வணக்கங்களைச் சொல்லுங்கள்.