'த ஹவுஸ் வாஸ் பில்டிங்' அச்சுப்பிழை இல்லை

பழைய ஆங்கில நாவலில் 'த ஹவுஸ் வாஸ் பில்டிங்' என்று வருகிறதே, வீடு எதைக் கட்டியது என்று கேட்டிருந்தீர்கள். அது எதையும் கட்டவில்லை, அதைத்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். 'சோறு வேகிறது' என்று நாம் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

இன்று நாம் பள்ளியில் படிக்கும் 'வாஸ் பீயிங் பில்ட்' (கட்டப்பட்டுக்கொண்டிருந்தது) 18-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் தலைகாட்டியது. 19-ஆம் நூற்றாண்டில் இலக்கணக்காரர்கள் பலர் அதைக் கொச்சை என்று திட்டித் தீர்த்தார்கள். இன்று அதே கொச்சைதான் தேர்வில் சரியான விடை! பழைய வடிவத்தின் ஜாடை 'வாட்ஸ் குக்கிங்?' போன்ற பேச்சில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

அப்புறம் இரண்டாவது சந்தேகம்: 1611-இல் வந்த ஆங்கில பைபிளில், 4-ஆம் சங்கீதத்தில், படுத்துக்கொள்வதை 'லே மீ டவுன்' என்று சொல்லியிருப்பது ஏன், 'மைசெல்ஃப்' எங்கே போனது? பழைய ஆங்கிலத்தில் 'மீ' என்ற சொல்லே 'என்னை நானே' என்ற பொருளையும் தந்துவிடும். 'செல்ஃப்' அழுத்தத்துக்காகச் சேர்த்த சொல், நம் 'நானேதான்' மாதிரி, பிறகுதான் கட்டாயமானது. 'வாஷ்', 'ஷேவ்' போன்றவற்றில் இப்போது அதுவும் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. 'ஐ ஷேவ்ட்' என்றாலே போதும், யாருக்குச் சவரம் என்று யாரும் கேட்பதில்லை.