பழைய பேட்டர்னில் 14-ஆம் நம்பர் ஏன் இறுக்கிப் பிடிக்கிறது?

கேள்வி: 1950களின் ஸ்டைலில், இடுப்பு வரை ஒட்டியும் அதற்குக் கீழே சுருக்கு வைத்த பாவாடையாகவும் இருக்கிற கவுன் தைக்க ஆசை. ஆன்லைனில் அந்தக் காலத்துப் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான காகித மாதிரி) ஒன்று வாங்கினேன். உறையில் சைஸ் 14, மார்பு 32 என்று இருந்தது. ரெடிமேடில் நான் போடுவது 14 தான், என் மார்பளவு 36. விற்றவரும் "அதே சைஸ்தான், தைரியமாக வெட்டுங்கள்" என்றார். தைத்துப் போட்டுப் பார்த்தால் பக்கவாட்டு ஜிப் மூன்று விரல் இடைவெளியில் நின்றுவிட்டது. நான் பருத்துவிட்டேனா, வெட்டியதில் தப்பா?

பதில்: இரண்டும் இல்லை. உறையிலேயே 32 என்று இருந்திருக்கிறது, நீங்கள் 14-ஐப் பார்த்திருக்கிறீர்கள், விற்றவரும் அதையே காட்டியிருக்கிறார். அமெரிக்கப் பேட்டர்ன்களில் 1950களின் நடுப்பகுதி வரை 14 என்றால் மார்பு 32 அங்குலம். 1956 வாக்கில் அதே 14, 34 ஆனது. 1960களின் கடைசியில் 36. இதில் உடம்பைப் பழிக்க என்ன இருக்கிறது?

இந்த நம்பர் விஷயம் எனக்கு எப்போதுமே எரிச்சல். 1939-40ல் அமெரிக்க அரசு கிட்டத்தட்ட 15,000 பெண்களை, ஆளுக்கு 59 இடத்தில் டேப் வைத்து அளந்தது, அதிலும் கணக்கில் எடுத்துக்கொண்டது வெள்ளைக்காரப் பெண்களின் அளவை மட்டும். அதையெல்லாம் வைத்து 1958ல் ரெடிமேட் துணிக்கு ஒரு தர அட்டவணை வந்தது, 1983ல் அதையும் கைவிட்டுவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு கம்பெனியும் வாங்குபவர் மனம் குளிர நம்பரைக் குறைத்துப் போடுகிறது. பேசாமல் அங்குலத்தை எழுதிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்?

அடுத்த முறை நம்பரைக் கையால் மறைத்துக்கொண்டு மார்பளவை மட்டும் படியுங்கள். உங்கள் அளவுக்கு 2 அங்குலம் குறைவான பேட்டர்ன் வரை சமாளிக்கலாம், பக்கத் தையலில் நான்கு ஓரத்திலும் அரை அங்குலம் கூட்டி, கை அடித்தையலிலும் அதே அளவு கூட்டினால் போதும். 4 அங்குலம் வித்தியாசம் என்றால் பக்கத்தில் மட்டும் கூட்டக் கூடாது, டார்ட் (உடம்பு வளைவுக்காகப் பிடிக்கிற கூர்மடிப்பு) எல்லாம் இடம் மாறி நிற்கும். பேட்டர்னை நகலெடுத்து, தோள் நடுவிலிருந்து இடுப்பு வரை கத்தரித்து விரித்து, கொஞ்சம் அங்கே, கொஞ்சம் பக்கத்தில் என்று பிரித்துச் சேர்க்க வேண்டும். அப்புறம் இடுப்பு. ஒரு எலாஸ்டிக்கை வயிற்றில் கட்டிக்கொண்டு நாலு முறை குனிந்து நிமிருங்கள், அது போய் உட்காரும் இடம்தான் இடுப்பு. ஜீன்ஸ் போட்டுப் பழகியவர்கள் அதற்குக் கீழேயே அளக்கிறார்கள். பிடரி எலும்பிலிருந்து அது வரை உள்ள நீளம் பேட்டர்னோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். நல்ல துணியில் கத்தரி வைப்பதற்கு முன்னால் மேல்பாகத்தை மட்டுமாவது காடாத் துணியில் தைத்துப் பாருங்கள்.

சரி, விற்பவர்களிடம் வருகிறேன், ஏனென்றால் பாதிப் பிரச்சனை அங்கேதான். "பழைய சைஸோ, இரண்டு கூட்டிக்கொள்ளுங்கள்" என்று ஒரு மாற்று அட்டவணையைக் காசுக்கு விற்கிறார்கள். எந்த வருஷப் பேட்டர்ன் என்று தெரியாமல் இரண்டு கூட்டுவது குருட்டுக் கணக்கு, வருஷம் தெரிந்தாலும் உறையில் அங்குலம் இருக்கும்போது அட்டவணை எதற்கு? அடுத்தது ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக விற்கிற கூட்டம். அதில் அளவு சரிபார்க்கும் சதுரம் இல்லாவிட்டால் தொடவே தொடாதீர்கள். பிரிண்டரில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று இருந்தால் எல்லாம் லேசாகச் சுருங்கும். 4 அங்குலச் சதுரம் அரைக்கால் அங்குலம் குறைந்து வந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் 36 அங்குல மார்பில் ஒரு அங்குலத்துக்கு மேல் போய்விடும். 1940களின் பேட்டர்ன்கள் பலவற்றில் அச்சே இருக்காது, மெல்லிய காகிதத்தில் துளைகள் மட்டும்தான். எந்தத் துளை நேர் இழைக்கு (துணியின் நீள நூல் போகும் திசைக்கு), எது டார்ட்டுக்கு என்பது விளக்கத் தாளில்தான் இருக்கும். தாள் தொலைந்த பேட்டர்னைக் கூசாமல் 'முழு செட்' என்று தள்ளிவிடுகிறார்கள். துண்டுகளை எண்ணிப் படம் அனுப்பச் சொல்லுங்கள், காலரும் கழுத்து உள்பட்டியும்தான் முதலில் காணாமல் போகும். புகார் கொடுத்தால் விற்பனைத் தளம் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு மெயில் அனுப்பும், அதோடு சரி.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும், மார்பளவை மட்டும் பார் என்று சொல்லிவிட்டேன் அல்லவா, அது 14½, 16½ என்று அரை போட்ட சைஸ்களுக்குப் பொருந்தாது. இது 14-க்கும் 16-க்கும் நடுவில் உள்ள சைஸ் இல்லை. உயரம் குறைந்து, இடுப்பு கொஞ்சம் தடித்து, பிடரியிலிருந்து இடுப்பு வரை நீளம் குறைவாக உள்ள உடம்புக்கென்றே தனியாக வரைந்தது. மார்பு சரியாக இருக்கிறதே என்று உயரமானவர் வாங்கினால் இடுப்புத் தையல் விலாவில் போய் நிற்கும், இடுப்பு தொளதொள என்று இருக்கும். அதே சமயம் குள்ளமாக, நடுவில் பூசினாற்போல இருப்பவர்கள் சாதாரண சைஸில் மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு இதைத் தேடினால் பாதி ஆல்டரேஷன் மிச்சம். இதை 'பிளஸ் சைஸ்' என்று தலைப்புப் போட்டு விற்கிறார்கள், அதை நம்பாதீர்கள். மார்பு, இடுப்பு, முதுகு நீளம் மூன்றும் பொருந்தினால் மட்டும் வாங்குங்கள்.

தைத்த கவுனைத் தூக்கிப் போட வேண்டாம். மூன்று விரல் இடைவெளியை மட்டும் நிரப்பினால் ஜிப் ஏறும், மூச்சு ஏறாது. உங்களுக்கு மொத்தம் 4 அங்குலம் தேவை. இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, அக்குளிலிருந்து இடுப்பு வரை, தைத்த பிறகு 2 அங்குலம் வருகிற மாதிரி பட்டை வையுங்கள். கைக்குழி பெரிதாகும், அதனால் அதே பட்டையைக் கையின் அடித்தையலிலும் தொடர வேண்டும். பாவாடை சுருக்குதானே, சுருக்கைப் பிரித்துத் தளர்த்தினாலே இடுப்புக்குச் சேர்ந்துவிடும். அதே துணி மிச்சமில்லையென்றால் அதே நிறத்தில் கொஞ்சம் அடர்ந்த சாயலுள்ள துணி எடுங்கள், கை தொங்கும்போது தெரியாது. இழுத்தால் நீளும் லைக்ரா துணியை மட்டும் பட்டையாக வைக்காதீர்கள், ரெண்டு துவைப்பில் அது ஒரு பக்கம் இழுக்கும், கவுன் ஒரு பக்கம் இழுக்கும்.