கடை வெளிச்சத்தில் கீரை: வாசகர் கேள்விகள்

சூப்பர் மார்க்கெட்டில் பாலக்கீரை பாக்கெட்டுகள் நாள் முழுக்க டியூப்லைட் வெளிச்சத்தில் இருக்கின்றன. சத்து போயிருக்கும் என்று அடுக்கின் பின்னாலிருந்து உருவி எடுக்கிறேன். சரிதானே?

இனி முன்வரிசையிலேயே எடுங்கள். பறித்த பிறகும் கீரைக்கு உயிர் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் குளிர் அடுக்கிலும் ஒளிச்சேர்க்கை நடக்கும். அதில் கிடைக்கும் சர்க்கரையைக் கொண்டுதான் இலை வைட்டமின் சி-யைத் தயாரிக்கிறது. இருட்டில் கிடக்கும் இலையோ கையிருப்பைத் தின்று தீர்க்கிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஜீன் லெஸ்டர் குழுவினர் டெக்சாஸில் இதைச் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். 4 டிகிரி செல்சியஸில், கடை விளக்குக்கு நிகரான ஒளியில் இரவு பகலாக வைத்த பாலக்கீரையில், 3 நாளிலேயே சி, ஈ, கே வைட்டமின்களும் ஃபோலேட்டும் இருட்டில் வைத்த கீரையைவிடக் கூடுதலாக இருந்தன. ஃபோலேட் என்பது கருவுற்ற பெண்களுக்கு மருத்துவர்கள் வலியுறுத்தும் சத்து. அதனால்தான் இதைப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

முன்னால் இருப்பவைதானே சீக்கிரம் துவள்கின்றன?

உண்மை; அதே ஆய்விலும் வெளிச்சத்தில் இருந்த இலைகள் வாடின. ஒளி பட்டதும் இலைத்துளைகள் திறந்து நீர் வெளியேறுகிறது. பாக்கெட்டின் உட்புறம் முத்து முத்தாகக் கோத்து நிற்பதில் பெரும்பங்கு இலை இழந்த நீர்தான். எனவே பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். அடி மடிப்பில் நீர் தேங்கி, அதில் ஒட்டிய இலை கரும்பச்சையாகி, ஊறிய காகிதம்போல் தெரிந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. அதை வாங்காமல் திரும்ப வைத்துவிடுங்கள். இலை நிமிர்ந்து, பை உலர்ந்திருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

நறுக்கிய லெட்யூஸ் பாக்கெட்டில் ஓரங்கள் பழுப்பேறுவது ஏன்?

வெட்டுவாய் பழுப்பேற ஆக்சிஜன் வேண்டும். அதைக் குறைத்துத்தான் பாக்கெட்டை மூடுகிறார்கள். ஒளிச்சேர்க்கை நடந்தால் இலையே உள்ளே ஆக்சிஜனை விடுகிறது. நறுக்கிய லெட்யூஸை மட்டும் பின்னாலிருந்து எடுப்பதே நல்லது.

அப்படியானால் வீட்டில் கீரையை ஜன்னலோரம் வைக்கலாமா?

கூடவே கூடாது. அந்தப் பலன் குளிரும் வெளிச்சமும் சேர்ந்தபோது கிடைத்தது. நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்திலேயே கீரை துவண்டுவிடும். ஈரத்தைத் துடைத்து, துணியில் சுற்றி, ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் சமைத்துவிடுங்கள்.

உருளைக்கிழங்குக்கும் கடை வெளிச்சம் நல்லதா?

இல்லை. ஒளியில் அதன் தோல் பச்சையாகும். கூடவே சோலனைன் என்ற நச்சும் ஏறும். பச்சை படர்ந்த கிழங்கை வாங்காதீர்கள்; வீட்டில் இருட்டிலேயே வையுங்கள்.