ஏழாம் நம்பர் பெட்

அன்புள்ள ஐயா,

மருத்துவக் கல்லூரியில் இணைப் பேராசிரியையாக இருக்கிறேன். சென்ற வாரம் ரவுண்ட்ஸின்போது ஓர் அம்மாவை, அவர் காதுபடவே, 'ஏழாம் நம்பர் பெட்' என்றேன். மறுநாள் என் மாணவனும் அப்படியே சொன்னான். கூசிப்போனேன். மிகவும் களைத்துவிட்டேன். ஆசிரியர்கள் சிலர் கூடிப் பேசும் குழு ஒன்றைத் தொடங்கலாம் என்கிறார் தோழி. புலம்பிக் கலைவதைத் தவிர அதில் பயன் உண்டா?

பெயர் வேண்டாமே.

அன்புள்ள டாக்டர்,

உண்டு. தயங்காமல் தொடங்குங்கள்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 74 மருத்துவர்களை வைத்து இதைச் சோதித்தே பார்த்தார்கள். முடிவு 2014இல் வெளியானது. பாதிப் பேர் இரு வாரங்களுக்கு ஒருமுறை சிறு குழுவாகக் கூடி, ஒருவர் வழிநடத்த, ஒன்பது மாதம் பேசினார்கள். மற்றவர்களுக்கும் அதே ஒரு மணி நேரம் தரப்பட்டது, விருப்பம்போலச் செலவிடலாம். பேசியவர்களுக்கு வேலையில் பிடிப்பு கூடியது. நோயாளியை மனிதராகப் பார்க்காமல் மனம் மரத்துப்போவது குறைந்தது. நீங்கள் கூசியது அந்த மரத்துப்போதலைக் கண்டுதானே? ஓராண்டு கழித்தும் பலன் நீடித்தது. ஆனால், மன அழுத்தத்திலும் வேலைத் திருப்தியிலும் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. காலிப் பணியிடங்களைப் பேச்சு நிரப்பாது.

அந்த ஒரு மணி நேரம் பணி நேரத்துக்குள், சம்பளத்தோடு தரப்பட்டது. இதைத்தான் அழுத்திச் சொல்கிறேன். ஓ.பி., வகுப்பு, ஆய்வேடு திருத்துவது எல்லாம் முடித்து மாலை ஆறு மணிக்குக் கூடினால் உங்கள் குழு இரண்டு மாதம் தாங்காது. டீனிடம் நேரம் கேட்டு வாங்குங்கள்.

என் அக்காவும் உங்களைப்போல மருத்துவக் கல்லூரி ஆசிரியை; மகப்பேறு மருத்துவம் கற்பித்தவர். பிரசவத்தில் ஒரு தாய் இறந்துபோன நாட்களில் அவருடைய டிபன் பாக்ஸ் திறக்கப்படாமலே வீடு திரும்பும். அம்மா மூடியைத் திறந்து பார்ப்பார். ஒன்றும் கேட்காமல் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பார். கல்லூரியிலோ, எத்தனை மணிக்கு ரத்தம் ஏற்றினீர்கள் என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், சாப்பிட்டாயா என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

துறைத் தலைவரைக் குழுவில் சேர்க்காதீர்கள். பேசியதை யாரும் குறித்துவைக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வியை முன்வைத்துப் பேசுங்கள். புலம்பலுக்கு அதுதான் கரை. மேயோவில் பின்னர் நடந்த இன்னொரு சோதனையில் சேர்ந்து சாப்பிட்டபடியே பேசினார்கள். நீங்களும் மதியச் சாப்பாட்டோடு போங்கள். முதல் நாள், எனக்கு எழுதிய இதையே அவர்களிடமும் சொல்லுங்கள்.