ஆயிரம் டாலர் தூண்டில் வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில், டென்வர் பக்கத்தில் ஆரோராவில் இருக்கிறேன். 5 வருடமாகச் சனிக்கிழமைகளில் ஃப்ளை ஃபிஷிங் போகிறேன். ராடு, ரீல், லைன் எல்லாம் சேர்த்து 300 டாலருக்கு வாங்கிய ஆரம்ப செட்தான் இன்னமும் கையில் இருக்கிறது. ஒன்பது அடி, ஐந்து வெயிட். பெரும்பாலும் சவுத் பிளாட் ஆற்றில் டெக்கர்ஸ் என்ற இடத்துக்குப் போவேன். அங்கே பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாம் விலை உயர்ந்த ராடு வைத்திருக்கிறார்கள். என் வீச்சு தூரம் போவதில்லை, மீனும் அதிகம் சிக்குவதில்லை. 1,000 டாலரில் ஒரு ராடும் 500 டாலரில் ஒரு ரீலும் பார்த்து வைத்திருக்கிறேன். பழைய ராடு கெட்டுப்போய்விட்டது என்று சொல்ல முடியாது. போன ஜூலையில் என் 9 வயது மகள் கார் கதவை அடித்துச் சாத்தியதில் நுனி உடைந்தது. கம்பெனி 60 டாலர் வாங்கிக்கொண்டு மூன்றே வாரத்தில் புது நுனி அனுப்பிவிட்டது. அதற்கப்புறம் தனியாகத்தான் போகிறேன், அதனால் பிரச்சினை இல்லை. மனைவி “உங்க இஷ்டம்” என்கிறாள். வாங்கலாமா? வாங்கினால் பழையதை மகளுக்குக் கொடுத்துவிடலாம் என்றும் ஒரு யோசனை.

— பெயர் வேண்டாம், கொலராடோ

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்கு ஓயாமல் வருகிறது. ஒருவர் கேமரா என்பார், ஒருவர் சைக்கிள் என்பார், இன்னொருவர் ஸ்பீக்கர் என்பார். உழைத்துச் சம்பாதித்த காசு, ஆசைப்பட்டதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நீங்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறீர்கள். நான் அதைச் சொல்லப்போவதில்லை. ராடு விஷயம் சுலபமானது, அதை முதலில் முடித்துவிடலாம்.

நான் நீலகிரியில் வளர்ந்தவள். வெள்ளைக்காரர்கள் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து டிரவுட் மீனை வளர்த்து மலை ஓடைகளில் விட்ட ஊர். அதனால் இந்தத் தூண்டில் எனக்குப் புதிதல்ல. தெரியாத வாசகர்களுக்காக இரண்டு வரி: நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிதான் இரை. அதற்கு எடையே கிடையாது. தடித்த லைன்தான் எடை. ராடு வளைந்து நிமிரும்போது அந்த லைன் காற்றில் விரிந்து போய்ப் பூச்சியைத் தண்ணீரில் வைக்கிறது. ஐந்து வெயிட் என்றால் லைனின் முதல் 30 அடி 140 கிரெயின், ஏறக்குறைய 9 கிராம். அந்த முதல் 30 அடியை வைத்துத்தான் கணக்கே போட்டிருக்கிறார்கள்.

நீங்கள் போகிற டெக்கர்ஸில் பிடிபடுகிற மீன்கள் பெரும்பாலும் அந்த 30 அடிக்குள்ளேதான் நிற்கும். சீஸ்மன் அணையின் அடியிலிருந்து வருகிற தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். வருடம் முழுக்க ஆட்கள் நின்று வீசுகிற இடம், அந்த மீன்கள் பார்க்காத பொய்ப்பூச்சி இல்லை. அங்கே அரிசி அளவுகூட இல்லாத 20, 22 நம்பர் பொய்ப்பூச்சியை, 0.13 மில்லிமீட்டர் கூடத் தடிமன் இல்லாத 6எக்ஸ் டிப்பெட்டில், அதாவது லைன் நுனியில் வருகிற மெல்லிய நரம்பில், கட்டி விடவேண்டும். லைனை நடுநீரோட்டம் பிடித்து இழுத்தால், பூச்சி தண்ணீரோடு தானாக மிதக்காமல் குறுக்கே ஓடும். அதைப் பார்த்த மீன் விலகிவிடும். உங்களுக்கு மீன் சிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். தூரம் காரணமே இல்லை. இன்னும் நான்கு எட்டு கிட்டே போய் நில்லுங்கள். லைன் தண்ணீரில் விழுந்ததும் அதை நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் தூக்கிப் போடப் பழகுங்கள். 1,000 டாலர் ராடு இதைச் செய்து தராது. அந்த விலையில் வருகிற ராடுகளில் பல விறைப்பானவை. 60 அடிக்கு வீசவும், எதிர்க்காற்றில் வீசவும் அவை நன்றாக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. கிட்டத்தில் வீசும்போது அவை சரியாக வளையாது. மெல்லிய டிப்பெட்டை வெடுக்கென்று அறுத்தும் விடும்.

ரீலைப் பற்றி அதைவிடக் குறைவாகச் சொன்னால் போதும். டிரவுட்டுக்கு ரீல் என்பது லைன் சுற்றி வைக்கிற இடம். கடலில் போன்ஃபிஷ் பிடிக்கப் போனால் உப்பு புகாத, நூறு கெஜம் லைன் ஓடினாலும் சீராகப் பிடித்து நிறுத்துகிற ரீல் வேண்டும். நீங்கள் போகவில்லை. உங்கள் லைனை மட்டும் எடுத்துப் பாருங்கள். 5 வருடத்து லைன் என்றால் அழுக்கேறி, வெடிப்பு விட்டிருக்கும். வீச்சு தூரம் போகாததற்கு அது ஒரு காரணம். புது லைன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வீசக் கற்றுத்தருகிற ஆளிடம் ஒரு நாள் பாடம் கேளுங்கள். இரண்டுக்கும் சேர்த்து நீங்கள் ராடுக்கும் ரீலுக்கும் ஒதுக்கிய பணத்தில் பாதிகூட ஆகாது.

சரி. இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன்.

மகள் நுனியை உடைத்தாள், கம்பெனி மாற்றிக் கொடுத்தது, அதற்கப்புறம் தனியாகப் போகிறேன், பிரச்சினை இல்லை. ராடு நல்ல நிலைமையில் இருக்கிறது என்று எனக்குக் காட்டுவதற்காக இதை எழுதியிருக்கிறீர்கள். இதிலிருந்து எனக்குத் தெரிவது என்ன? ஜூலை வரைக்கும் ஒரு குழந்தை அப்பாவோடு ஆற்றுக்கு வந்துகொண்டிருந்தாள். ஜூலைக்குப் பிறகு வருவதில்லை. ராடைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. அவள் விஷயத்தில் நீங்கள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அன்று காருக்குப் பக்கத்தில் நின்று அவளிடம் என்ன சொன்னீர்கள்? கடிதத்தில் அது இல்லை. கத்தியிருக்கலாம். இல்லையென்றால் உடைந்த துண்டை எடுத்து வைத்துவிட்டு, வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டி வந்திருக்கலாம். இரண்டாவது இன்னும் மோசம். கத்தினால் அழுதுவிட்டு மறந்துவிடுவார்கள். பேசாமல் இருந்தால் குழந்தைகள் தாங்களாகவே யோசிப்பார்கள். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு வாரண்டி தெரியாது, 60 டாலர் பெரிய தொகையா சின்னத் தொகையா என்றும் தெரியாது. அப்பாவின் பொருளை உடைத்தோம், அப்பா அப்புறம் கூப்பிடவே இல்லை. இது மட்டும் தெரியும். இதை வைத்து அவள் என்ன முடிவுக்கு வந்திருப்பாள் என்று இத்தனை மாதத்தில் ஒருநாள்கூட உங்களுக்குத் தோன்றவில்லையா?

இன்னொன்றும் கேட்கிறேன். ராடை முழு நீளத்துக்குப் பூட்டி, நுனி திறந்த கார் கதவுப் பக்கம் வரும்படி வைத்தது யார்? நான்கு துண்டாகக் கழற்றி உறையில் போடுவதற்குத்தானே அதை நான்கு துண்டாகச் செய்திருக்கிறார்கள்? ராடு விற்கிற கடையில் போய்க் கேளுங்கள். மீன் இழுத்து உடைகிற ராடைவிடக் கார் கதவிலும் வீட்டு ஃபேனிலும் மாட்டி உடைகிற ராடுதான் அதிகம் என்பார்கள். முப்பது வருடம் மீன் பிடித்தவர்களும் இப்படி உடைக்கிறார்கள். அதனால்தான் கம்பெனிகள் நுனி மாற்றுவதற்கென்று ஒரு விலையை முன்கூட்டியே வைத்திருக்கின்றன. பெரியவர்கள் உடைத்தால் அது விபத்து. உங்கள் மகள் உடைத்தபோது மட்டும் அவளுடைய சனிக்கிழமையே போய்விட்டது.

இப்போது அந்த வீட்டுக்குள் 1,000 டாலர் ராடு வரப்போகிறது. விலை ஏற ஏறப் பெரும்பாலும் ராடு செய்கிற கிராஃபைட் இன்னும் மெல்லிசாகும், ஓரத்தில் இடித்தால் தாங்காது. அதை நீங்கள் எப்படி வைத்துக்கொள்வீர்கள் என்று உங்களுக்கே தெரியும். அலமாரிக்கு மேலே வைப்பீர்கள். தொடாதே என்பீர்கள். பிறகு அவள் அதைத் தொட மாட்டாள். நீங்கள் அதைக் கையில் வைத்திருக்கும்போது உங்கள் பக்கத்திலும் வரமாட்டாள். பழையதை அவளுக்குக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறீர்களே, அந்த யோசனை நல்லதுதான். ஆனால் எழுதியிருக்கிற வரிசையைப் பாருங்கள். உங்களுக்குப் புதியது வந்தால்தான் அவளுக்குப் பழையது கிடைக்கும். அவளை ஆற்றுக்குக் கூட்டிப்போவது பற்றி அதிலும் ஒரு வார்த்தை இல்லை.

நான் இதில் கொஞ்சம் கடுமையாகத்தான் இருப்பேன். ஊரில் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டால் சித்தப்பா வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போவார், தாத்தா கடைக்கு அழைத்துப்போவார், பக்கத்து வீட்டு அத்தை மடியில் இழுத்துக்கொள்வார். ஆரோராவில் உங்கள் மகளுக்கு யார் இருக்கிறார்கள்? வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் நீங்களும் அம்மாவும். அத்தனை உறவுக்காரர்களும் செய்ய வேண்டியதை நீங்கள் இரண்டு பேர் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த நாட்டுக்குப் போவது என்று முடிவு செய்தவர் நீங்கள், அவள் அல்ல. அதனால் உங்கள் சனிக்கிழமையில் பாதி அவளுடையது. இதில் எனக்கு வேறு கருத்தே கிடையாது. மனைவி ‘உங்க இஷ்டம்’ என்று சொல்வதையும் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜூலையிலிருந்து சனிக்கிழமைகளில் ‘அப்பா எங்கே’ என்ற கேள்விக்கு வீட்டில் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர்தான். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து கேளுங்கள்.

‘அவளுக்கே இப்போது ஆர்வம் இல்லை, ஐபேட் போதும் என்கிறாள்’ என்று எனக்குத் திருப்பி எழுத வேண்டாம். முதலில் கூப்பிடுங்கள்.

கூப்பிடுவதற்கு முன்னால் அவளிடம் பேசுங்கள். ராடை அப்படி வைத்தது அப்பாவின் தப்பு, அன்று உன்னிடம் நடந்துகொண்டதும் தப்பு, இத்தனை நாள் கூப்பிடாமல் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு என்று நேராகச் சொல்லுங்கள். பெற்றவர்கள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நம்மில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அப்புறம் அவள் உடைத்த அதே ராடை அவள் கையில் கொடுங்கள். வேறு வேண்டாம், அதுதான் வேண்டும். வீட்டுக்கு முன்னால் இருக்கிற புல்லில் நின்று, முள்ளுக்குப் பதில் சின்னக் கம்பளி நூல் துண்டைக் கட்டி வீசச் சொல்லிக்கொடுங்கள். ராடைப் பூட்டவும் கழற்றி உறையில் போடவும் அவளே கற்றுக்கொள்ளட்டும். ஒன்பது அடி அவளுக்குக் கொஞ்சம் நீளம்தான், கை வலித்தால் நிறுத்திவிடுங்கள். அவளுக்குப் பிடித்துப்போனால் ஏழு அடியில் ஃபைபர்கிளாஸ் ராடு ஒன்று வாங்கித் தரலாம். அது மெதுவாக வளையும், இடி தாங்கும், விலையும் குறைவு. இந்த வருடம் செலவு செய்தே ஆகவேண்டும் என்றால் இதற்குச் செய்யுங்கள்.

முதல் தடவை டெக்கர்ஸுக்குக் கூட்டிப்போகாதீர்கள். மீன் எளிதில் ஏமாறாத இடம், குழந்தை சலித்துப்போவாள். மாரிசன் ஊருக்கு மேலே லேர் ஓ தி பேர் பூங்காவுக்குள் ஓடுகிற பேர் கிரீக் ஓடைக்குப் போங்கள். சின்ன ஓடை, சின்ன மீன்கள், நீளமாக வீச வேண்டிய தேவையே வராது. கொலராடோவில் 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு லைசன்ஸ் வேண்டாம், உங்களுடையது மட்டும் இருந்தால் போதும். வெயில் காலம் என்றால் காலையிலேயே போய்விடுங்கள். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தொடும்போது டிரவுட் திணற ஆரம்பிக்கும், அந்த நேரத்தில் பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விட்டாலும் பிழைப்பது கஷ்டம். தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிற குட்டி முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். அவளுக்குத் தொப்பியும் கண்ணாடியும் போடாமல் ராடை எடுக்காதீர்கள். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காய்ந்த கை பட்டால் மேலே இருக்கிற வழவழப்பு போய்விடும், மீனுக்கு நோய் வரும். முக்கியமாக, உங்களுக்கென்று வேறு ராடு எடுத்துப்போகாதீர்கள். அன்றைக்கு நீங்கள் மீன் பிடிக்கப் போகவில்லை, அவளுக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறீர்கள்.

ஒரு சீசன் இப்படிப் போன பிறகும் உங்களுக்கு அந்த ராடு வேண்டும் என்று தோன்றினால் வாங்கிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கடைக்கே போய், வெளியே புல்லில் வீசிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், நல்ல கடையில் விடுவார்கள். உங்கள் பழைய ராடையும் கையோடு கொண்டுபோய், அதே 30 அடிக்கு இரண்டையும் மாற்றி மாற்றி வீசிப் பாருங்கள். மகளும் கூட வரட்டும், புதியதை அவள் கையிலும் கொடுங்கள். கொடுக்க மனம் வரவில்லை என்றால் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள். ரீல் எப்படியும் வேண்டாம்.